தோள்சீலை முதல் அளவு நாடா வரை
(நம் வீட்டுப் பெண்களுக்காக ஒரு பொறியாளரின் கணக்கு)

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் ரயிலில் ஏறினால் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று வரிசையாக நிலையங்கள் வரும். பாறசாலையைத் தாண்டினால் தமிழ்நாடு. 1979-ல் இந்த அகலப்பாதை திறக்கப்பட்ட பிறகு எல்லை என்பது ரயிலில் தூங்குகிறவருக்குத் தெரியாமலே கடந்து போகிற ஒன்றாகிவிட்டது. நம் சங்கத்தில் பல குடும்பங்களுக்கு இந்தப் பக்கத்தில் உறவு உண்டு. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பெரியம்மா, இந்தப் பக்கம் சித்தி என்று இருப்பவர்களும் உண்டு.

இந்தப் பூமி இரண்டு விஷயங்களுக்குப் பேர் பெற்றது. ஒன்று, துணி நெய்வது. இன்னொன்று, துணி உடுத்துவதற்காகப் போராடியது. இரண்டையும் சொல்லிவிட்டு, மூன்றாவதாக நாம் யாரும் வாய்திறந்து பேசாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் அணியும் உள்ளாடையின் அளவு பற்றியது அது. நம் பாட்டிமார் ‘பாடி’ என்றார்கள், இன்றைய பெண்கள் ‘பிரா’ என்கிறார்கள். ‘இந்த வயதில் இந்த மனுஷனுக்கு இதெல்லாம் எதற்கு?’ என்று சிலர் நினைக்கலாம். முழுவதும் படித்துவிட்டுத் திட்டினால் ஏற்றுக்கொள்கிறேன்.

தறியும் தெருவும்

பாலராமபுரத்தின் பெயரே ஒரு மன்னரின் பெயர்தான். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மா காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியில் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்துக் குடியமர்த்தினார்கள். அரண்மனைக்கு வேண்டிய நயமான பருத்தித் துணி நெய்வது அவர்கள் வேலை. இன்றும் அங்கே சாலியர் தெருக்கள் உண்டு. குழித்தறியில் உட்கார்ந்து, கையால் நாடாவை எறிந்து நெய்கிற பழைய முறை இன்னும் முழுக்க ஒழிந்துவிடவில்லை. கசவுக் கரை போட்ட முண்டும் நேரியதும் உலகம் முழுக்க விலை போகின்றன. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

இந்த நெசவில் நான் கவனித்த ஒரு சங்கதி: முண்டுக்கும் நேரியதுக்கும் ‘சைஸ்’ கிடையாது. ஒல்லியானவரும் உடுத்தலாம், பருமனானவரும் உடுத்தலாம். தைக்காத துணி உடம்புக்குத் தகுந்தபடி தானே வளைந்து கொடுக்கும். கத்திரிக்கோலும் ஊசியும் வந்த அன்றுதான் அளவு என்கிற பிரச்சினையும் வந்தது.

மறைப்பதற்கே ஒரு போராட்டம்

அதற்கும் முன்னால், துணி போடலாமா கூடாதா என்பதே இங்கே பிரச்சினையாக இருந்தது. பழைய திருவிதாங்கூரில் மேலாடை என்பது சாதி அந்தஸ்தின் அடையாளம். தாழ்த்தப்பட்டவர்களாகக் கருதப்பட்ட சமூகத்துப் பெண்கள் மேல் சாதியார் முன் மார்பை மறைக்கக் கூடாது என்பது எழுதப்பட்ட, எழுதப்படாத சட்டமாக இருந்தது. சாணார் என்று அப்போது அழைக்கப்பட்ட நாடார் சமூகத்துப் பெண்கள்தான் இதை முதலில் பெருந்திரளாக எதிர்த்தவர்கள். தோள்சீலைக் கலகம் என்று நம் ஊரில் சொல்வோம். மலையாளத்தில் மாறு மறைக்கல் சமரம் என்பார்கள்.

ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில் கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்த பெண்களுக்குக் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது. குப்பாயம் என்றால் தொளதொளவென்று தைத்த அரைக்கைச் சட்டை. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் அணிந்துவந்தது போன்றது. ஆனால் மேல் சாதிப் பெண்கள் போல் தோளில் சீலை போடக் கூடாது என்றார்கள். பெண்களோ குப்பாயத்தின் மேல் சீலையும் போட்டார்கள். 1820-களில் கல்குளம் பகுதியில் தொடங்கிய மோதல் அடங்குவதும் மூள்வதுமாக இருந்தது. 1829 பிப்ரவரி 3-ஆம் தேதி வந்த அரச பிரகடனம் தோள்சீலைக்குத் தடை விதித்தது. 1858-ல் மறுபடியும் கலவரம். சந்தையில் பெண்களின் மேலாடையைக் கிழித்தார்கள். வீடுகளும் ஜெபக் கூடங்களும் எரிந்தன.

கடைசியில் சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யான் கொடுத்த நெருக்கடியில், உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26-ஆம் தேதி ஒரு பிரகடனம் வெளியிட்டார். சாணார் பெண்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் குப்பாயம் போடலாம், அல்லது மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். அப்போதும் ஒரு கொக்கி வைத்தார்கள்: மேல் சாதிப் பெண்களைப் போன்ற பாணியில் மட்டும் அணியக் கூடாது!

போராட்டம் அதோடு முடியவில்லை. பாலராமபுரத்துக்குப் பக்கத்து ஊரான வெங்கானூரில் 1863-ல் பிறந்த அய்யன்காளி, புலையர் சமூகத்துப் பெண்கள் கழுத்தில் கல்மாலையைத் தவிர வேறு நகை அணியக் கூடாது, மார்பை மறைக்கக் கூடாது என்ற வழக்கத்தை எதிர்த்தார். 1915-ல் கொல்லத்தில் நடந்த கூட்டத்தில் அந்தப் பெண்கள் கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இது நம்மில் சிலருடைய பாட்டியின் காலம்.

மத்தியப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் இந்தச் செய்தி இருந்தது. 2016 டிசம்பரில் அந்தப் பகுதியைத் தேர்வுக்குப் படிக்க வேண்டாம் என்றார்கள். 2019-ல் ஆடை வரலாறு பற்றிய அந்தப் பாடமே புத்தகத்திலிருந்து போய்விட்டது. ஆகவே வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

உரிமை வந்தது, அளவு வரவில்லை

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய உரிமையை இன்று நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? கடையில் போய், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு, ‘36 ஒண்ணு குடுங்க’ என்று மெதுவாகக் கேட்டு, போட்டுப் பார்க்காமல், காகிதத்தில் சுற்றி வாங்கி வருகிறோம். வீட்டில் துவைத்துக் காயப்போடும்போது அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுகிறோம். தோளில் வார் பதிந்து பள்ளம் விழுந்தாலும், முதுகு வலித்தாலும், மார்புக்குக் கீழே வேர்த்துப் புண்ணானாலும் ‘பொம்பளைன்னா அப்படித்தான்’ என்று சொல்லிக்கொள்கிறோம். மார்பு கனமாக உள்ள பெண்களுக்கு இந்தக் கஷ்டம் இரட்டிப்பு.

என் பேத்தி பதினான்கு வயதில் திடீரென்று பாட்மிண்டன் விளையாடப் போவதை நிறுத்தினாள். படிப்பு அதிகம் என்று சாக்கு சொன்னாள். தோளைக் கூனிக்கொண்டு, புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நடக்க ஆரம்பித்தாள். ஆச்சி மெதுவாக விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஓடினால் வலிக்கிறது, பையன்கள் பார்க்கிறார்கள், போட்டிருப்பது நிற்கவில்லை. அவள் அம்மா அழைத்துப் போன கடையில் ஒரு விற்பனையாளர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டே ஒரு நம்பரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அளக்கவே இல்லை. வீட்டுப் பெண்கள் அறைக்குள் அளந்து ஒரு தாளில் எண்களை எழுதித் தந்தார்கள். ‘நீங்க கணக்குப் போடுங்க தாத்தா’ என்றாள் பேத்தி. அன்றைக்கு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண் எதைச் சொல்கிறது? எழுத்து எதைச் சொல்கிறது?

மார்பை மறைக்கவும் தாங்கவும் உலகம் பல வழிகளில் முயன்றிருக்கிறது. நம்மிடம் கச்சு இருந்தது. ஐரோப்பாவில் எலும்பு வைத்து இறுக்கும் கார்செட் இருந்தது. மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற அமெரிக்கப் பெண் 1914-ல் நவீன பிராவுக்குக் காப்புரிமை பெற்றார். ஆரம்பத்தில் மார்புக் கிண்ணத்துக்கு அளவு கிடையாது. 1932-ல் எஸ். எச். கேம்ப் என்ற அமெரிக்க நிறுவனம் ஏ, பி, சி, டி என்று நான்கு எழுத்துகளைப் பயன்படுத்த ஆரம்பித்தது. பிறகு மற்ற கம்பெனிகளும் பிடித்துக்கொண்டன. சென்னை தியாகராய நகரில் நாயுடு ஹால் போன்ற கடைகள் நம் பெண்களுக்கென்று தைத்து விற்றன. ஊர்ப் பக்கத்துப் பெண்கள் சென்னை போகிறவர்களிடம் சொல்லி வாங்கிய காலம் உண்டு.

இந்த எண்ணையும் எழுத்தையும் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எண் என்பது மார்புக்குக் கீழே, விலா எலும்பைச் சுற்றி வரும் பட்டையைக் குறிப்பது. எழுத்து என்பது மார்பின் சுற்றளவுக்கும் அந்த விலாச் சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசம். அதாவது எழுத்துக்குத் தனியாக ஒரு அளவு கிடையாது. ‘டி’ என்றால் பெரியது என்று நினைப்பது தவறு. 32-டியின் கிண்ணமும் 40-டியின் கிண்ணமும் ஒன்றல்ல. 40-டி மிகப் பெரியது. 32-டி கிண்ணமும் 34-சி கிண்ணமும் 36-பி கிண்ணமும் கொள்ளளவில் ஏறக்குறைய சமம். பட்டை ஒரு படி ஏறினால் எழுத்து ஒரு படி இறங்கும். இதைச் சகோதரி அளவு என்கிறார்கள்.

நம் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய குழப்பம் ஜாக்கெட் அளவால் வருவது. தையல்காரர் ‘உங்களுக்கு 38’ என்கிறார். அது மார்பின் முழுச் சுற்றளவு. அதே 38-ஐக் கடையில் போய் பிராவுக்கும் சொல்கிறோம். பிராவில் 38 என்பது பட்டையின் எண். இரண்டும் வேறு வேறு. அகலப்பாதை என்றால் கன்னியாகுமரியிலும் 1676 மில்லிமீட்டர்தான், ஜம்முவிலும் 1676 மில்லிமீட்டர்தான். அதனால்தான் ஒரு பெட்டி இந்தியா முழுக்க ஓடுகிறது. பெண்களின் உள்ளாடை எண்ணுக்கு அப்படி ஒரு பொதுக் கட்டுப்பாடு இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி, நாட்டுக்கு நாடு மாறும்.

அளப்பது எப்படி?

தையல் நாடா ஒன்று போதும். வீட்டில் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு அளப்பது நல்லது. தனியாகவும் கண்ணாடி முன் நின்று அளக்கலாம். தடித்த துணி எதுவும் இல்லாமல் அளக்க வேண்டும்.

முதல் அளவு: மார்புக்கு நேர் கீழே, நாடா முதுகிலும் முன்னாலும் தரைக்குச் சமமட்டமாக இருக்கும்படி சுற்றுங்கள். மூச்சை வெளியே விட்டு, நாடா நழுவாத அளவுக்கு இறுக்கிப் பாருங்கள். இது விலாச் சுற்றளவு.

இரண்டாவது அளவு: மார்பின் மிக உயர்ந்த இடத்தைச் சுற்றி, நாடா அழுத்தாமல் அளக்க வேண்டும். கனமான மார்பு தொங்கும்போது நின்றபடி அளந்தால் குறைவாகக் காட்டும். ஆகவே இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து இன்னொரு முறை அளந்து, நின்று அளந்ததோடு கூட்டி இரண்டால் வகுத்துக்கொள்வது நல்லது. இரண்டு மார்பும் ஒரே அளவாக இல்லாமல் இருப்பது இயற்கை. பெரியதற்குத் தகுந்தபடிதான் கிண்ணம் எடுக்க வேண்டும்.

இனி கணக்கு. உதாரணமாக ஒருவருக்கு விலா 32 அங்குலம் (சுமார் 81 செ.மீ.), மார்பு 42 அங்குலம் (சுமார் 107 செ.மீ.) என்று வைத்துக்கொள்வோம்.

பழைய வழக்கப்படி விலா அளவோடு 4 அங்குலம் கூட்டிப் பட்டை எண் எடுப்பார்கள். 32-ம் 4-ம் 36. மார்பு 42-லிருந்து 36-ஐக் கழித்தால் 6. ஒரு அங்குலத்துக்கு ஏ, இரண்டுக்கு பி, மூன்றுக்கு சி, நான்குக்கு டி, ஐந்துக்கு டிடி, ஆறுக்கு இ. ஆக 36-இ. 4 அங்குலம் கூட்டாமல் நேரடியாகக் கணக்கிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் கணக்கில் வித்தியாசம் 10 அங்குலம். பிரிட்டிஷ் வரிசையில் (டி, டிடி, இ, எஃப், எஃப்எஃப், ஜி, ஜிஜி என்று போகும்) இது 32-ஜிஜி. ஐரோப்பிய அட்டவணையில் விலாச் சுற்றளவைச் செ.மீ.-யில் வைத்து 80 என்று தொடங்குவார்கள்.

ஒரே உடம்பு, மூன்று பெயர்! எது சரி? கையில் இருக்கும் கம்பெனியின் அட்டவணையில் உங்கள் செ.மீ. அளவு எங்கே விழுகிறது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்குங்கள். பிறகு போட்டுப் பார்த்து, பட்டையில் ஒன்று, கிண்ணத்தில் ஒன்று கூட்டியோ குறைத்தோ முடிவு செய்யுங்கள். நாடா சொல்வது தொடக்கம்தான். கடைசித் தீர்ப்பு உடம்புடையது.

இப்போது நம் ஊர்க் கடைக்கு இந்தச் சகோதரி போகிறார் என்று வையுங்கள். சாதாரணக் கடையில் பி, சி இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் டி இருக்கும். 36-இ இருக்காது. கடைக்காரர் என்ன செய்வார்? கிண்ணம் கொள்ள வேண்டும் என்பதற்காக 38, பிறகு 40 என்று பட்டையை ஏற்றிக்கொண்டே போவார். 40-டி கிண்ணம் 36-இ கிண்ணத்துக்குச் சமம்தான். ஆனால் பட்டை 4 அங்குலம் தளர்ந்துவிட்டது. ‘எனக்கு 40 சைஸ்’ என்று அந்தப் பெண் ஆயுள் முழுக்க நம்பிக்கொண்டிருப்பார். அவர் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை. கடையில் சரக்கு இல்லை, அவ்வளவுதான்.

பட்டை ஏன் முக்கியம்?

இங்கேதான் என் தொழில் கைகொடுக்கிறது. தண்டவாளத்தின் மேல் சக்கரம் தொடும் இடம் மிகச் சிறியது. அந்தப் பாரம் அப்படியே மண்ணில் இறங்கினால் பாதை புதைந்துவிடும். அதனால் தண்டவாளத்துக்குக் கீழே ஸ்லீப்பர், அதற்குக் கீழே ஜல்லி என்று வைத்து, பாரத்தைப் பரப்பி இறக்குகிறோம்.

மார்பும் ஒரு பாரம்தான். ஒவ்வொன்றும் அரை லிட்டர் கொள்ளளவு என்றால் அரைக் கிலோவுக்குச் சற்று ஏறக்குறைய இருக்கும். கனமான மார்பு ஒவ்வொன்றும் ஒரு கிலோவைத் தாண்டுவது அபூர்வமல்ல. இந்தப் பாரத்தில் பெரும்பகுதியை விலாவைச் சுற்றியுள்ள பட்டைதான் தாங்க வேண்டும். அது அகலமானது, உடம்பை முழுச் சுற்றும் தொட்டுக்கொண்டிருப்பது. அதுதான் ஜல்லிப் படுகை. தோள் வார் என்பது கிண்ணத்தை இடத்தில் நிறுத்தும் துணைக் கம்பி மாத்திரம்.

பட்டை தளர்ந்தால் என்ன ஆகும்? முன்பக்கப் பாரம் கீழே இழுக்கும்போது பின்பக்கம் முதுகில் மேலே ஏறும். பாரம் முழுவதும் இரண்டு வார்களுக்குப் போகும். ஒரு செ.மீ. அகல வார் தோளில் கத்தி போல் பதியும். அதே பாரத்தை இரண்டு செ.மீ. அகல வாரில் ஏற்றினால் அழுத்தம் பாதியாகும். வார் இறங்குகிறதே என்று இறுக்கினால் பள்ளம் இன்னும் ஆழமாகும். கழுத்தும் தோள்பட்டையும் வலிக்கும். ஆகவே தோள் வலிக்கு மருந்து பெரும்பாலும் முதுகுப் பட்டையில் இருக்கிறது. பாரம் கூடக்கூட அகலமான பட்டை, மூன்று நான்கு வரிசைக் கொக்கி, அகலமான வார், முழுவதும் மூடும் கிண்ணம் என்று எடுக்க வேண்டும். மெல்லிய பட்டை அழகாக இருக்கலாம், பாரம் தாங்காது.

ஓடும்போதும் குதிக்கும்போதும் மார்பு மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் அசைகிறது. எட்டு என்ற எண்ணை எழுதுவது போன்ற அசைவு. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் இதைத் தனித் துறையாகவே ஆராய்கிறார்கள். விளையாடும் பெண்களுக்கு அதற்கென்று தைத்த ஸ்போர்ட்ஸ் பிரா தேவை. கனமான மார்புக்கு, இரண்டையும் ஒன்றாக அமுக்கும் வகையை விட, இரண்டு தனிக் கிண்ணமும் அகலப் பட்டையும் உள்ள வகை நன்றாக நிறுத்தும். என் பேத்திக்கு இதைத்தான் வாங்கினார்கள். அவள் மறுபடி கோர்ட்டுக்குப் போனாள்.

போட்டுப் பார்த்துச் சரிபார்க்க

புதிதாக வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

1. புதியதைத் தளர்ந்த கடைசிக் கொக்கியில் மாட்டிச் சரியாக இருக்க வேண்டும். நாளாக ஆக எலாஸ்டிக் தளரும்போது உள் கொக்கிகளுக்குப் போகலாம். வாங்கும்போதே உள் கொக்கியில்தான் நிற்கிறது என்றால் பட்டை பெரிது.

2. பட்டை முதுகில் சமமட்டமாக இருக்க வேண்டும். பின்னால் மேலேறினால் தளர்வு. பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், ஒரு கையே நுழையக் கூடாது.

3. மாட்டியதும் முன்னால் குனிந்து, கையால் பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் மார்பை முழுவதும் கிண்ணத்துக்குள் எடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் சைஸ் பார்ப்பது வீண்.

4. மேலோ அக்குளிலோ பிதுங்கினால் கிண்ணம் சிறிது. துணி சுருங்கி நின்றால் கிண்ணம் பெரிது, அல்லது அந்த வடிவம் உங்களுக்குப் பொருந்தவில்லை.

5. கம்பி வைத்தது என்றால் கம்பி மார்பின் அடி மடிப்பில், விலா மேல் உட்கார வேண்டும். மார்புத் தசையின் மேல் குத்தக் கூடாது. இரண்டு கிண்ணத்துக்கும் நடுவில் உள்ள துண்டு நெஞ்செலும்பில் படிய வேண்டும். அது தூக்கிக்கொண்டு நின்றால் பெரும்பாலும் கிண்ணம் சிறிது.

6. இரண்டு வார்களையும் தோளிலிருந்து இறக்கிப் பாருங்கள். பட்டை ஓரளவு இடத்திலேயே நிற்க வேண்டும். எல்லாம் உடனே சரிந்து விழுந்தால் வார்தான் அத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டிருந்தது என்று அர்த்தம்.

7. மேலே ஜாக்கெட்டோ சுடிதாரோ போட்டுப் பாருங்கள். கையை உயர்த்துங்கள், உட்காருங்கள், குனியுங்கள்.

இன்னொன்று: நல்ல பிரா வாங்கிய பிறகு பழைய ஜாக்கெட்டுகள் பொருந்தாமல் போகும். மார்பு சரியான உயரத்துக்கு வந்துவிடுவதால் ‘டாட்’ பிடித்த இடம் கீழே நிற்கும். தையல்காரரைத் திட்ட வேண்டாம். புது பிராவைப் போட்டுக்கொண்டு புதிதாக அளவு கொடுங்கள். பழைய அளவு ஜாக்கெட்டைத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

உடம்பு மாறும், அளவும் மாறும்

கல்யாணத்தின்போது சொன்ன நம்பரையே அறுபது வயது வரை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வயதுக்கு வரும்போது, கர்ப்பத்தில், பாலூட்டும்போது, மாதவிலக்கு நின்ற பிறகு, எடை கூடும்போதும் குறையும்போதும் அளவு மாறும். வருடத்துக்கு ஒரு முறை அளப்பது நல்லது. பாலூட்டும் தாய்மார்கள் இறுக்கமானதையும் அழுத்தும் கம்பியையும் தவிர்க்க வேண்டும்.

நம் பக்கத்து வெக்கையில் கனமான மார்பின் அடியில் வேர்வை தங்கிச் சிவந்து புண்ணாகும். பருத்தித் துணி, தினம் ஒரு மாற்று, குளித்ததும் நன்றாகத் துடைத்து உலர்த்துவது, இவை உதவும். ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். கம்பி வைத்த பிரா, கறுப்பு பிரா போட்டால் புற்றுநோய் வரும் என்று சிலர் பரப்புவதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் கட்டி, தோல் சுருக்கம், காம்பில் மாற்றம் அல்லது நீர் கசிவு எதையும் கண்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். அளவெடுக்கும் பழக்கம் இருந்தால் தன் உடம்பில் வரும் மாற்றம் சீக்கிரம் தெரியும்.

துவைப்பதிலும் கவனம் வேண்டும். வெந்நீரும் கொதிக்கும் வெயிலும் எலாஸ்டிக்குக்கு எதிரி. கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் காற்றாட உலர்த்துங்கள். அதன் மேல் ஈரத் துண்டைப் போட்டு மூடினால் சரியாக உலராது, நாற்றமும் பூஞ்சையும் வரும். மூன்று நான்கு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டால் நீண்ட நாள் உழைக்கும்.

ஊருக்கு வாங்கிப் போகிறவர்களுக்கு

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம்மிடம் ஊரிலிருந்து வரும் பட்டியலில் இதுவும் இருக்கும். அம்மாவோ மதினியோ போனில் தயங்கித் தயங்கி ‘38 ரெண்டு வாங்கிட்டு வா’ என்பார்கள். அந்த எண்ணை நம்பி வாங்கினால் பணம் வீண். அங்குலமா செ.மீ.-யா, எந்த நாட்டு எண் என்பதிலேயே தகராறு வரும். அமெரிக்காவில் டிடிடி என்பது பிரிட்டனில் இ. ஆகவே நம்பர் கேட்காதீர்கள். விலா எத்தனை செ.மீ., மார்பு எத்தனை செ.மீ. என்று இரண்டு அளவு கேளுங்கள். இப்போது போட்டிருப்பது எங்கே இறுக்குகிறது, எங்கே தளர்கிறது என்றும் கேளுங்கள். முதலில் ஒன்று மட்டும் வாங்கி அனுப்பி, சரியென்றால் பிறகு நான்கு வாங்குங்கள். பெரிய நகரங்களில் அளந்து கொடுக்கும் பெண் பணியாளர்களும் போட்டுப் பார்க்கும் அறையும் உள்ள கடைகள் இருக்கின்றன. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கும்போது கோவில், கடற்கரை என்று அழைத்துப் போவதோடு அங்கேயும் ஒரு தடவை அழைத்துப் போங்கள். வேண்டாம் வேண்டாம் என்பார்கள். ஒரு மாதம் கழித்துத் தோள்வலி குறைந்தது என்று அவர்களே சொல்வார்கள்.

நம் சங்கத்தின் மகளிர் அணிக்கு ஒரு வேண்டுகோள். கோலப் போட்டி, சமையல் போட்டிகளோடு ஒரு சனிக்கிழமை மாலை, பெண்கள் மட்டும் கூடி, ஒரு பெண் மருத்துவரையும் நன்றாக அளக்கத் தெரிந்த ஒரு பெண்ணையும் அழைத்து, அம்மாக்களும் வயதுக்கு வந்த பெண்களும் கேள்வி கேட்கும்படி ஒரு கூட்டம் நடத்துங்கள். இரண்டு தையல் நாடாவும் ஒரு மறைப்பும் இருந்தால் போதும். பெரிய செலவு இல்லை.

நம் கொள்ளுப்பாட்டிகள் சந்தையில் துணி கிழிபட நின்று இந்த உரிமையை வாங்கினார்கள். அவர்கள் பேத்திகள் சரியான அளவு தெரியாமல் கூனி நடக்க வேண்டியதில்லை. ஆண்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மளிகைக் கணக்கில் இந்தச் செலவைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருப்பது. நல்ல செருப்புக்கும் நல்ல கண்ணாடிக்கும் கொடுப்பது போல இதற்கும் கொடுங்கள். வீட்டில் தையல் நாடா எங்கே இருக்கிறது என்று இன்றே தேடி எடுத்து வையுங்கள்.